நூறு மைக்ரோகிராம் அக்கா

மருந்துக்கடையிலிருந்து மாத்திரை டப்பாவோடு வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசல் கேட் கிரீச்சிட்டது.

"ஏத்தா, ஒனக்கும் தைராய்டாமே?"

தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது. பிறக்கும்போதே கழுத்தோடு வந்த சுரப்பி. ஆனால் இந்த நியாயம் நாகமலை புதுக்கோட்டையில் எடுபடாது. இங்கே அது ஒழுங்காக வேலை பார்த்தால் "தைராய்டு இல்லை". மக்கர் பண்ணினால் "தைராய்டு இருக்கு".

வந்தவர் எங்கள் தெருவின் தைராய்டு சீனியர். தெருவுக்கு ஒருவர் உண்டு, குழாயடி மாதிரி. டாக்டர் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்ததை இவர்கள் மூன்று மாதம் விளக்குவார்கள்.

"எத்தனை?" என்றார்.

"இருபத்தஞ்சுக்கா."

இன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்த இளநிலை உதவியாளரைக் கண்காணிப்பாளர் பார்ப்பாரே, அப்படி ஒரு கருணை அவர் முகத்தில். "நான் நூறு" என்றார்.

ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வீடு கட்டிக் குடியேறிய ஊர் இது. இன்கிரிமென்ட் பாஷை எல்லாருக்கும் புரியும். அக்கா 25-இல் சேர்ந்து, 50, 75 என்று படிப்படியாக ஏறி, பதினோரு வருட சர்வீஸில் 100 மைக்ரோகிராமைத் தொட்டவர். காலி டப்பாக்களில் பெருங்காயம், ஊக்கு, கோலப்பொடி என்று அவர் வீட்டு அலமாரி முழுக்க அந்த சர்வீஸின் சாட்சிகள்தான்.

என் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர், "டி.எஸ்.எச். கூடியிருக்கு, அப்ப தைராய்டு கூடிப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். உண்மை நேர் எதிர். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி அனுப்புகிற மெமோ. கழுத்துக்காரன் வேலையில் சுணங்கச் சுணங்க மெமோ கூடும். அக்காவின் வீட்டுக்காரர் முப்பது வருடம் அலுவலகத்தில் மெமோ வாங்கியவர் என்பதால் இந்த உவமை அந்த வீட்டில் சட்டென்று ஏறியது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

மறுநாளிலிருந்து கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் நடைப்பயிற்சி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே பாறையில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கிழங்கையும் பூண்டையும் விலக்கிய மரபு அவர்களுடையது. விலக்குப் பட்டியல் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

"முட்டக்கோசு கூடாது. காலிபிளவர் கூடாது. முள்ளங்கி கூடாது. நூக்கல் பக்கமே போகக் கூடாது."

1928-இல் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், முயல்களுக்கு முட்டைக்கோசையே தீனியாகப் போட்டு வளர்த்தபோது அவற்றுக்குக் கழுத்துக் கழலை வந்தது. பட்டியலின் பூர்வீகம் அது. அக்கா முயல் இல்லை. கோசை வேகவைத்துத் தேங்காய்ப் பூ தூவி வாரத்துக்கு ஒருநாள் பொரியலாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கோசு வாடை ஆகாது. முள்ளங்கியும் அப்படியே. கடுகும் அதே குடும்பம்தானேக்கா என்று கேட்டதற்கு, "அது தாளிக்கத்தான?" என்று ஜாமீனில் விட்டுவிட்டார்.

உப்பு விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. அயோடின் உப்பு கெமிக்கல் என்று நிறுத்திவிட்டு, 'இமயமலை உப்பு' என்று அச்சடித்த இந்துப்புப் பாக்கெட்டுக்கு மாறியிருந்தார். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் கழுத்து வீங்கிக் கிடந்ததற்குக் காரணமே மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாததுதான். 1950-களில் டாக்டர் வி. ராமலிங்கசாமியின் குழு அங்கே போய், உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்தே கழலையைக் குறைத்துக் காட்டியது. இதைச் சொன்னேன். "அது வடக்க உள்ளவுகளுக்கு" என்றார் அக்கா. உப்பு மட்டும் வடக்கேயிருந்து வரலாமாம்.

இன்னொரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மருந்தின் கதையையும் சொல்லித் தொலைத்தேன். 1891-இல் ஜார்ஜ் முர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு முடங்கிப்போன 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் எழுந்து நடமாடி இன்னும் 28 வருடம் இருந்தார். அதற்குள் 870 ஆடுகளுக்கு மேல் செலவாகியிருந்தன.

அக்கா நின்றுவிட்டார். "அப்ப ஆட்டுக் கழுத்தெலும்பு வாங்கி சூப்பு வச்சா மாத்திரையே வேணாமே?"

அன்றோடு வரலாற்றை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு விடிகாலை நடைக்குக் கூப்பிடப் போனபோதுதான் பதினோரு வருட ரகசியம் கண்ணில் பட்டது. அக்கா உள்ளங்கையில் மூன்று மாத்திரை: தைராய்டு, இரும்பு, கால்சியம். மற்றக் கையில் நுரை பொங்கும் டம்ளர். மூன்றையும் வாயில் போட்டு டிகாக்‌ஷன் காபியால் ஒரே தள்ளு.

"அக்கா! காபிக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் இடைவெளி விடணும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம். இல்லாட்டி மருந்த உடம்புல சேரவிடாது."

"எல்லாம் ஒரே வயித்துக்குத்தானத்தா போகுது?"

"டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு. அவருக்கு மாத்திரையப் பத்தித் தெரியும். காபியப் பத்தி என்ன தெரியும்?"

கோசு, முள்ளங்கி, நூக்கல், அயோடின் உப்பு என்று இத்தனையைத் துறந்தவரால் ஒரு மணி நேரக் காபியைத் துறக்க முடியவில்லை. மருந்தில் பாதி காபியோடு போக, டி.எஸ்.எச். இறங்காமலிருக்க, டாக்டர் டோஸை ஏற்ற, அக்காவுக்குப் பதவி உயர்வு. குற்றம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. அந்த ஒரு மணி நேரம் நானும் கடிகாரத்தை முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று திரும்பும் வழியில் வழக்கம்போலப் பருத்திப்பால் வண்டியருகே நின்றோம். கருப்பட்டியும் சுக்கும் மணந்தன. நான் பாட்டுக்குச் சொன்னேன்: "அமெரிக்காவுல இந்த மாத்திரைக்கான குறிப்புலயே, சோயா மாவோட பருத்திக்கொட்டை மாவும் மருந்தப் பிடிச்சுக்கும்னு போட்டிருக்குக்கா."

டம்ளர் பாதி வழியில் நின்றது. இத்தனை நாளில் அவர் முகம் வாடி நான் பார்த்தது அப்போதுதான்.

"மாவுதானே சொல்லிருக்கான்? இது பாலு."

சொன்னாரே தவிர அன்று மிச்சம் வைத்துவிட்டார். கோசை விடலாம், உப்பை மாற்றலாம். பருத்திப்பாலை விட்டுவிட்டு மதுரைக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியுமா? அந்தக் கவலையோடு அவரே டாக்டரிடம் போனார். மாத்திரையை ராத்திரி போடலாமா என்று கேட்டார். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில், தினமும் என்றால் தாராளமாகப் போடலாம் என்றாராம் அவர். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், படுக்கப்போகும்போது போட்டவர்களுக்கு மருந்து இன்னும் நன்றாகவே வேலை செய்தது. அக்காவுக்கு அந்த ஆய்வெல்லாம் தெரியாது. காபி தப்பித்தது, பருத்திப்பால் தப்பித்தது, அது போதும். இரும்பும் கால்சியமும் பகல் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தன.

மருந்தை மாற்றினால் ரத்தத்தில் நிலைப்பட ஆறு வாரமாவது ஆகும். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மெமோவே இல்லை. டோஸ் அதிகம் என்று டாக்டர் 75-க்கு இறக்கிவிட்டார். மலச்சிக்கல் போச்சு, பகல் தூக்கம் போச்சு, குதிகால் வீக்கம் வடிந்தது. அக்கா மட்டும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "பதினோரு வருசம் கழிச்சு எறக்கிப்புட்டாய்ங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அழுததாகக் கேள்வி.

போன வாரம் நடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். டப்பா பிரித்து நாலு நாள்தான் ஆகிறதாம். அக்கா நெருங்கிப் போய் விசாரித்தார். அவள் இருபத்தஞ்சு என்று சொல்லிவிட்டு, "நீங்க எத்தனைக்கா?" என்றாள்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தாமரைக் குளத்தைப் பார்த்தேன்.

"ரிட்டயர் ஆகுறப்ப நூறு" என்றார்.