ஸ்னேர் ஆராய்ச்சி: ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பமும் ரசிகர் உரை மரபும்

பாயிரம்

ஓர் ஆல்பம் வெளியான வாரத்தில் அதைக் குப்பை என்று தூக்கியெறிந்த ரசிகர், இருபது ஆண்டு கழித்து அதே ஆல்பத்தை அதே காதுகளால் கேட்டுவிட்டு “அப்படியொன்றும் மோசமில்லையே” என்று சொல்வது எதனால் என்ற வினா, தமிழாய்வுலகில் இதுவரை எழுப்பப்பட்டதாகத் தெரியவில்லை. எழுப்பாததற்குத் தக்க காரணம் உண்டு; அது யாருக்கும் தேவைப்படவில்லை. தேவையில்லாதவற்றை ஆராய்வதில் நமக்குள்ள நீண்ட பழக்கத்தைக் கருதி, இக்குறையை இக்கட்டுரை தீர்த்துவைக்கிறது.

எடுத்துக்கொண்ட மூலம், அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா 2003 ஜூனில் வெளியிட்ட ‘செயின்ட் ஆங்கர்’. 11 பாடல்கள், 75 நிமிடம். குழுவுக்கு அப்போது வயது 21. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986) வழியே த்ராஷ் ரசிகர்களின் வழிபாட்டையும், அட்டையின் நிறத்தால் ‘பிளாக் ஆல்பம்’ என்றே வழங்கும் 1991-ஆம் ஆண்டு ஆல்பத்தின் வழியே பெரிய பெரிய விளையாட்டு மைதானங்களையும் பிடித்து முடித்திருந்தார்கள். ஆகவே எதிர்பார்ப்பும் மைதான அளவில் இருந்தது.

ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் வந்து இறங்கியது. தலைப்புப் பாடலுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. ரசிகர்கள் அசரவில்லை. 1989-ல் முதன்முதலாக ஹார்ட் ராக்குக்கும் மெட்டலுக்குமாக ஒரு கிராமியை ஏற்படுத்தி, அதை இதே மெட்டாலிகாவுக்குக் கொடுக்காமல் புல்லாங்குழல் ஊதும் ஜெத்ரோ டல் குழுவுக்குக் கொடுத்தவர்களின் செவிநுட்பம் எத்தகையது என்பதை அவர்கள் மறக்கவில்லை. விருதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: ஓர் ஆல்பம் பின்னாளில் மன்னிக்கப்பட வேண்டுமானால், அதில் விரல் வைத்துக் காட்டத்தக்க குற்றம் ஒன்று இருக்க வேண்டும், ஒன்று மட்டுமே இருப்பதாகவும் நம்பப்பட வேண்டும். இதற்கு ‘ஒற்றைக் குற்றக் கோட்பாடு’ என்று பெயரிடுகிறோம். பெயர் வைத்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்தது என்பது முனைவர் பட்ட வட்டாரங்களில் அனைவரும் அறிந்த செய்தி.

மூலபாடம்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலில் வகுத்தார் பவணந்தி முனிவர். அவருக்கு எலெக்ட்ரிக் கிட்டாருடன் பழக்கமில்லை என்றாலும் அளவுகோல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. எட்டு நிமிடத்தைத் தாண்டி ஓடும் பாடல்களில் மிகைபடக் கூறல். அவற்றுள் ஒரே கிட்டார் ரிஃப் போய்ப் போய்த் திரும்பிவரும் இடங்களில் கூறியது கூறல். மணிக்கணக்கில் வாசித்துத் தள்ளியதைப் ப்ரோ டூல்ஸ் மென்பொருளில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பாடலாக்கியதில் வெற்றெனத் தொடுத்தல். கிர்க் ஹாமெட் போன்ற ஒரு கிட்டார் கலைஞரை வைத்துக்கொண்டு ஆல்பம் முழுக்க ஒரு கிட்டார் சோலோகூட இல்லாமல் விட்டதில் குன்றக் கூறல். கடைசிப் பாடலின் கடைசி நிமிடத்துக் கூச்சலில் சென்று தேய்ந்து இறுதல். பத்துக்கு ஐந்து தேறுகிறது, தேர்ச்சி மதிப்பெண்தான்.

ஆனால் ரசிகர்கள் இவற்றில் எதையும் பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டது பவணந்தியார் பட்டியலில் இல்லாத பதினோராவது குற்றத்தை: ஸ்னேர் டிரம்.

டிரம்ஸ் வாசிப்பவரின் இரு முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் சிறிய முரசுதான் ஸ்னேர். அதன் அடித்தோலை ஒட்டி மெல்லிய சுருள் கம்பிகள் வரிசையாக ஓடும். மேலே அடி விழுந்ததும் அவை கீழே படபடத்து, ஓசையைச் சட்டென்று நறுக்கிக் கொடுக்கும். பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலை விட்டு விலகிவிடும். ஓசை நறுக்கப்படாமல் நீண்டு ரீங்கரிக்கும். ஒருநாள் குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் அந்த நெம்புகோலைப் போட மறந்துவிட்டார். பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது அந்த ஒலி அவருக்குப் பிடித்துப்போனது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவரே சொன்ன கதை இது. விளைவாக, 75 நிமிடமும் யாரோ காலி எண்ணெய் டின்னைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருக்கும் ஓசை உலகுக்குக் கிடைத்தது.

மறந்த மனம் எந்த நிலையில் இருந்தது என்று ஆராய்வது உரையாசிரியர் கடமை. 2001 ஜனவரியில் பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் குழுவை விட்டுப் போனார். சான் பிரான்சிஸ்கோவில் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் ஒலிப்பதிவைத் தொடங்கினார்கள். ஜூலையில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிநோய்ச் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார். மாதங்கள் கழித்துத் திரும்பியவர் மதியம் 12 முதல் 4 வரைதான் வேலை செய்வேன் என்றார். சர்க்கார் ஆபீசில்கூட இவ்வளவு வசதி கிடையாது. பேஸ் வாசிக்க ஆளில்லாததால் தயாரிப்பாளர் பாப் ராக்கே எடுத்து வாசித்தார். குழுவினரைச் சேர்த்துவைக்க ஃபில் டௌல் என்ற மனநலப் பயிற்சியாளர் மாதம் 40,000 டாலருக்கு அமர்த்தப்பட்டார். போகப் போக அவர் பாடல் வரிகளுக்கும் யோசனை சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் பதிந்து முடிந்தபின் 2003 பிப்ரவரியில் ராபர்ட் ட்ருஹீயோ பத்து லட்சம் டாலர் முன்பணத்தோடு வந்து சேர்ந்தார். ஆல்பப் படங்களில் அவர் இருக்கிறார்; ஆல்பத்தில் இல்லை. இத்தனைக்கும் நடுவே ஒரு நெம்புகோல் யார் நினைவில் நிற்கும்?

இவ்வளவும் நமக்குத் தெரிவது, கேமராக்கள் ஓடிக்கொண்டே இருந்ததால். ஜோ பெர்லிங்கரும் புரூஸ் சினாஃப்ஸ்கியும் எடுத்த ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ என்ற ஆவணப்படம் 2004-ல் வந்தது. மூலத்தை விட உரை புகழ்பெறும் அரிய நிகழ்வு அங்கே நடந்தது. ஆல்பத்தை ஏசியவர்கள் படத்தை இரண்டு முறை பார்த்தார்கள். அதில் லார்ஸின் தந்தை டார்பென் உல்ரிக் வருவார். டென்மார்க்குக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர், ரிஷியைப் போல நீண்ட தாடி. மகன் ஒரு பதிவைப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார். தந்தை நிதானமாக யோசித்து, இதை அழித்துவிடலாம் என்கிறார். ஆக, ஆல்பத்தின் முதல் எதிர்மறை விமர்சனம் வெளியீட்டுக்கு முன்பே, வீட்டுக்குள்ளேயே எழுந்துவிட்டது. பின்னர் வந்த விமர்சகர் யாரும் அதைச் சுருக்கத்தில் மிஞ்சவில்லை.

சோலோ இல்லாததைப் பற்றியும் படத்தில் ஒரு சர்ச்சை உண்டு. சோலோ வைத்தால் பழைய காலத்து இசை போலிருக்கும் என்பது மற்றவர்கள் கவலை. சோலோ வைக்காவிட்டால்தான் இது இந்தக் காலத்து இசை என்று முத்திரை விழும் என்பது ஹாமெட்டின் வாதம். இருபது ஆண்டு கழித்துப் பார்க்கையில் அவர் சொன்னதே பலித்தது என்று இவ்வாய்வாளர் கருதுகிறார். அவரை அன்று யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கேட்ட காதின் இயல்பையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2000-ல் நாப்ஸ்டர் என்ற இணையப் பகிர்வுச் சேவை வழியாக மெட்டாலிகா பாடல்களைப் பகிர்ந்துகொண்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பயனர் பெயர்களைத் தாளில் அச்சடித்து, அந்நிறுவனத்தின் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார் லார்ஸ். தன் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்த ரசிகர், மூன்று ஆண்டு கழித்து அதே லார்ஸின் ஸ்னேரைக் கேட்கிறார். தராசில் முன்னமே படிக்கல் ஏறியிருந்தது.

பாடபேதம்

இனி ஆய்வின் மையம். ஸ்னேரை எல்லாரும் கூடித் திட்டியதால் ஆல்பத்துக்கு எதிர்பாராத நன்மை ஒன்று நேர்ந்தது. “அந்த ஸ்னேர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்” என்று ஒரு வாக்கியம் பிறந்தது. அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் ஸ்னேர் நீங்கலாக மற்றதையெல்லாம் உற்றுக் கேட்க வேண்டும். கேட்டார்கள். ‘ஃப்ரான்டிக்’ பாடலின் கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஹெட்ஃபீல்டின் குரலில் பாசாங்கில்லை, மனிதர் உண்மையிலேயே உடைந்திருக்கிறார் என்றெல்லாம் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பாவத்தையும் ஸ்னேர் ஒன்றே தலையில் ஏற்றுக்கொண்டதால் மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாக விடுதலையாயின. நன்னூல் சொல்லும் ஐந்து குற்றங்களும் அப்படியே இருக்க, அவற்றை யாரும் பேசாமலே போனது இந்த வழியில்தான்.

ஓர் ஆல்பத்தை முழுமூச்சாக வெறுப்பவர் அதை முழுமூச்சாகக் கேட்டிருக்கிறார் என்பதற்கு ஆதாரம் 2015-ல் கிடைத்தது. சில கலைஞர்கள் கூடி ஆல்பம் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை, ஒழுங்கான ஸ்னேரோடு புதிதாக வாசித்துப் பதிந்தே விட்டார்கள். பிடிக்காத நூலைத் தன் கையால் முழுதும் பெயர்த்தெழுதிய ஏட்டாசிரியரை நம் சுவடி வரலாற்றில் இவ்வாய்வாளர் கண்டதில்லை. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தை விரும்புகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ‘செயின்ட் ஆங்கர்’ எதிரிகள்தான் ராத்திரி கண்விழித்து உழைக்கிறார்கள். திருத்திய பாடத்தைக் கேட்டுவிட்டுச் சிலர் சொன்னதுதான் விசேஷம்: எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் சத்தம் இல்லாமல் சப்பென்று இருக்கிறது.

இந்தப் பதிப்பு முயற்சிகள் மெட்டாலிகா ரசிகர்களுக்குப் புதிதல்ல. 1988-ல் வந்த ‘ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் ஒலி கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. அந்த மறைந்த வரியை மீட்டுத் தாமே கலந்து பதித்த ரசிகர் பதிப்புகள் பல உண்டு. 2018-ல் குழுவே அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது பேஸை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. மூலத்தில் கைவைக்கக் கூடாது என்ற பதிப்பறத்தை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். 2008-ல் ‘டெத் மேக்னெடிக்’ வந்தது. ஒலியளவை ஏற்றி ஏற்றி எல்லாமே நெரிந்து கரகரத்தது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமுக்காகத் தனியே கொடுக்கப்பட்டிருந்தன. அங்கே நெரிசல் குறைவு. ரசிகர்கள் அலைவடிவப் படங்களை அருகருகே வைத்து ஒப்புநோக்கி, விளையாட்டுக்குள் ஒளிந்திருந்த பாடமே தூய பாடம் என்று நிறுவினார்கள். ஆல்பத்தை மீண்டும் கலந்து தரச்சொல்லிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். உ.வே.சா. ஊர் ஊராய்ப் போய்ச் சுவடிகளில் தேடியதை இவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து, கையில் பொம்மைக் கிட்டாரோடு செய்துமுடித்தார்கள்.

குழுவினரும் தம் பங்குக்கு ஒரு பாடபேதம் தந்திருக்கிறார்கள். ஆல்பத்தை முடித்துவைக்கும் ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’, மேலே கூச்சல் என்று குறிப்பிட்ட அதே பாடல், 2007-ல் ஓர் அறக்கட்டளைக் கச்சேரியில் மின்கிட்டார் இல்லாமல், அடங்கிய குரலில் பாடப்பட்டது. 2017-ல் குழு தொடங்கிய தொண்டு நிறுவனத்துக்கு அந்தப் பாடலின் பெயரையே வைத்தார்கள். 2019-ல் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு மேடையேறியபோதும் அது இடம்பெற்றது. பாடல் அதேதான். ஸ்னேர் மட்டும் ஒழுங்காக இருந்தது.

எதிர்ச்சான்று

கோட்பாட்டைச் சோதிக்க அதே குழுவின் மற்ற ஏமாற்றங்களையும் பார்க்க வேண்டும். 1996-ல் வந்த ‘லோட்’ ஆல்பத்தின் மீது சுமத்தப்பட்ட தலையாய குற்றம், நால்வரும் முடியை வெட்டிக்கொண்டார்கள் என்பது. கேட்கும்போது முடி தெரிவதில்லை. ஆகவே அந்த ஆல்பம் சீக்கிரமே மன்னிக்கப்பட்டது. அதே பதிவில் மிஞ்சிய பாடல்களைக் கொண்டு மறுவருடம் வந்த ‘ரீலோட்’ பற்றிப் பேச்சு எடுத்தால் தோள் குலுக்குகிறார்கள். அதில் விரல் வைக்க இடமில்லை.

ராக் பாடகர் லூ ரீடோடு சேர்ந்து 2011-ல் செய்த ‘லூலூ’ வேறு வகை. 87 நிமிடம், இரண்டு தட்டு. கிட்டார்கள் ஒருபக்கம் இடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் ஒரு முதியவர் தன்பாட்டுக்குக் கவிதை சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தக் குற்றத்தை எடுத்துவிட்டால் இது சரியாகும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. எடுத்தால் ஆல்பமே மிஞ்சாது. ஆனாலும் அதற்கு ஒரு சாட்சி உண்டு, அதுவும் சாமான்யச் சாட்சி அல்ல. ரீடின் படைப்புகளிலேயே உயர்ந்தது இதுதான், காலம் பிடிக்கும், பொறுத்துப் பாருங்கள் என்று டேவிட் போவி தன்னிடம் கூறியதாக ரீடின் மனைவி லாரி ஆண்டர்சன் 2015-ல் மேடையில் சொன்னார். போவி சொன்ன காலம் இன்னும் வந்துசேரவில்லை. கோட்பாடு தற்காலிகமாகத் தப்பியது.

இந்த ஆய்வாளருக்குக் கவலை தருவது 2023-ல் வந்த ‘72 சீசன்ஸ்’. ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்தை விட இரண்டு நிமிடம் நீளம், 77. ஆனால் ஸ்னேர் ஸ்னேராக ஒலிக்கிறது. சோலோக்கள் உரிய இடங்களில் வருகின்றன. பேஸ் காதில் விழுகிறது. பதிவுக்கு மனநலப் பயிற்சியாளர் எவரும் தேவைப்படவில்லை. எந்த ரசிகரும் இதை வீட்டில் உட்கார்ந்து திருத்திப் பதித்ததாகத் தகவல் இல்லை. கோட்பாட்டின்படி இதற்கு எதிர்காலமே கிடையாது.