திங்கட்கிழமை நெஞ்சு

கோயம்புத்தூரில் 1970களில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மில் சங்கு ஊதினால்தான் அடுப்பில் உலை ஏறும், சங்கு ஊதினால்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம், வீட்டுக் கடிகாரம் தப்பினாலும் சங்கு தப்பாது என்று ஆத்தாக்கள் அடித்துச் சொல்வார்கள். ஷிப்ட் விட்டதும் ரோடு முழுக்க சைக்கிள்தான். அந்தக் கூட்டத்தில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பொதியைப் பிரித்துத் தூசி தட்டும் ப்ளோ ரூமிலும் வேலை பார்த்தவர்களைத் தனியாகத் தெரியும். புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை வெளேரென்று பஞ்சு அப்பியிருக்கும். என் அப்பா கார்டிங். வாசலிலேயே அவரை உட்காரவைத்து, தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை ஊதி ஊதிப் பறக்கவிட்டு, எது கூரைவரை போகிறது என்று நானும் தங்கையும் பந்தயம் கட்டுவோம். மிஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த அந்தச் சட்டை வாசனைக்கு இணையாக எனக்கு இன்றுவரை எதுவும் வாய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நன்றாக இருப்பார். கறி எடுத்து வருவார், சாயங்காலம் எங்களைச் சைக்கிளில் வைத்துச் சுற்றிக் காட்டுவார். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது மட்டும் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கிறது என்பார். செவ்வாய், புதனில் கொஞ்சம் தேறிவிடும். லீவு போட்ட உடம்பு வேலைக்கு வணங்கவில்லை என்றார் மேஸ்திரி. ஞாயிற்றுக் கறி செரிக்கவில்லை என்றாள் அம்மா. வெல்லம் தின்றால் தொண்டையில் போன பஞ்சை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மில்லே நம்பியது, நாங்களும் நம்பினோம். அப்பா பையில் மிச்சமாகி வரும் வெல்லக்கட்டிக்காக நாங்கள் காத்துக்கிடப்போம். நுரையீரலுக்குள் போன தூசியை வெல்லம் தொடவே முடியாது என்று சொல்ல ஆள் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை இறுக்கத்துக்குப் பிசினோசிஸ் என்று பெயர் உண்டென்பதை நான் தெரிந்துகொண்டது அப்பா போன பிறகு. பஞ்சோடு வருகிற இலைத் துணுக்குகளும் பாக்டீரியா நச்சும் மூச்சுக்குழலை இறுக்குகின்றன. ஒருநாள் ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் நாளில்தான் இறுக்கம் அதிகம். வருஷக்கணக்கில் போனால் திங்கட்கிழமை இருமல் எல்லாக் கிழமைக்கும் பரவி, வேலையை விட்டாலும் விடாமல் நின்றுவிடும். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் விழாது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சை ஊதவைத்து அளக்க வேண்டும், எந்தக் கிழமை நெஞ்சு இறுக்குகிறது என்று கேட்க வேண்டும். அப்பாவிடம் பீடி குடிப்பாயா என்று கேட்டார்கள், டிபியா என்று சளி பார்த்தார்கள். கிழமையை யாரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மிஷினில் ஆள்காட்டி விரல் போனது. நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அந்த விரலுக்கு 14 சதவீத உழைப்புத் திறன் இழப்பு, கட்டைவிரலுக்கு 30 என்று எழுதியிருந்தது. கோவைக்கு 1955லேயே தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. வந்துவிட்டதால் அவர் மெடிக்கல் போர்டு முன்னால் கையை நீட்டினார், மாதாமாதம் பணம் வந்தது. அவருக்குக் கிடைத்தது நியாயம். அதுவே இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனால் பிசினோசிஸும் சட்டத்தில் தொழில்நோய் என்று அச்சிட்டிருக்கும் வியாதிதானே? அதைப் பார்க்கும் டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்ததே? நீட்டிக் காட்ட அப்பாவிடம் விரல் இல்லாத கை இல்லை, மூச்சுதான் இல்லை. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வரிசையில், வீட்டிலிருந்து கழுவி எடுத்துப்போன பாட்டிலில் ரோஸ் நிற மிக்சரை வாங்கி வந்ததோடு அவர் வழக்கு முடிந்தது.

இப்போது அந்தச் சங்கு இல்லை. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. இன்றைய நூற்பாலைகளில் தூசியை உறிஞ்சக் குழாய் உண்டு, மாஸ்க் உண்டு. மீசையில் பஞ்சோடு யாரும் வீட்டுக்கு வருவதில்லை. மனதார சந்தோஷப்படுகிறேன். ஆனால் இன்று அந்த ஆலைகளில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். இங்கே ஆறு மாதம், திருப்பூரில் ஒரு வருஷம், பிறகு ஊர். பல வருஷத் தூசியில் முற்றும் வியாதி, அவர்கள் ஊர்போய்ச் சேர்ந்த பிறகும் விடாமல் நிற்கலாம். அங்கிருக்கும் டாக்டருக்குக் கார்டிங் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

எங்கள் தெருக்கோடியில் அப்படி நாலு பையன்கள் குடியிருக்கிறார்கள். ஒருவனுக்குத் தமிழ் நன்றாக வருகிறது. இ.எஸ்.ஐ. நம்பர் மில் மாறினாலும் மாறாது, அதை எழுதி வைத்துக்கொள், சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதே, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் பஞ்சு மில் என்று சொல் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மற்ற மூவருக்கும் அவனையே இந்தியில் சொல்லச் சொன்னேன்.