கடலூர் வட்டாரத்தில் குளிர் காய்தல்: பூனைமானி வழியே ஓர் ஆய்வு

டொராண்டோவில் இருக்கும் தங்கை மகன், ஏரிக்கரையில் உள்ள தன் மரக்குடிலுக்குப் புதிதாக ஒரு விறகடுப்பு வாங்கியிருக்கிறான். வார்ப்பிரும்பு உடம்பு, கண்ணாடிக் கதவு, கூரைக்கு மேலே நீளும் புகைக்குழாய். வெளியே மைனஸ் இருபது டிகிரி. உள்ளே பையன் பனியனோடு உட்கார்ந்திருக்கிறான். "நம்ம ஊர்ல இதுக்கு என்ன மாமா பேரு?" என்று போனில் கேட்டான். இந்த ஆய்வு பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

பேருக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. கணப்பு, கணப்புச் சட்டி, குமுட்டி, இந்தளம், தடவு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், விசிறியை ஒதுக்கிவிட்டு வாயகன்ற தடவில் நெருப்பிட்டுக் குளிர் காய்கிறார்கள். நக்கீரர் பாடியது 188 அடி. அதில் இடையர்கூடக் கையில் கொள்ளியோடுதான் வருகிறார்கள். குறை ஒன்றே ஒன்று: குளிர். சிதம்பரத்திலும் கடலூரிலும் ஜனவரி விடியற்காலையில்கூடப் பாதரசம் இருபதை ஒட்டியே நிற்கும். அதற்கே நாம் மஃப்ளர் கட்டுகிறோம். ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் சிதம்பரம் தெற்கு வீதியில் நின்று பாருங்கள், இமயமலைக்கு யாத்திரை கிளம்பிய ஊர்போல இருக்கும்.

சொல்லையும் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரன் அறையைச் சூடாக்குகிறான். தமிழனோ குளிர் காய்கிறான். நெல் காய்வதுபோல, ஈர வேட்டி காய்வதுபோல. இலக்கணம் தெரிந்தவர்கள் இந்த விளக்கத்துக்காகச் சண்டைக்கு வரலாம். வரட்டும், கொஞ்சம் சூடு கிடைக்கும்.

இனிக் களப்பணி. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பத்துக்குப் பத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகை உண்டு. கனடாவின் மரக்குடிலுக்கு இணையாக இதை எடுத்துக்கொண்டேன். பழைய தகர டிரம்மை ஒரு பட்டறையில் கொடுத்து, கதவும் குழாயும் வைத்து அடுப்பாக்கினேன். விறகு, இந்த வட்டாரக் கடற்கரை மணலில் தழைக்கும் சவுக்கு. அதுவும் அசலூர்ச் சரக்குதான்: ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியாவும் அதன் பிறந்தகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் பக்கம் அதைத் தோப்புத் தோப்பாக வளர்த்து ரயில் எஞ்சினுக்கு விறகாகப் போட்டார்கள். எஞ்சினை ஓட்டிய மரம் என் கொட்டகையை ஓட்டாதா?

மார்கழி, காலை ஐந்து மணி. வெப்பமானியில் 22. மிளாறு வைத்துப் பற்றவைத்தேன். இருபதாவது நிமிடம் 37. மனித உடம்பானால் மாத்திரை வேண்டாத நிலை. குழாயின் மூட்டுக்கு மூட்டு புகை கசிந்தது. கண்ணீரோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது படியிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, மொதல்ல வெளிய வாங்க. கீத்து பத்திக்கும்." இரண்டு குடம் தண்ணீரோடு ஆய்வின் முதற்கட்டம் முடிவுற்றது.

முடிவுற்றாலும் பெரிய உண்மை ஒன்று கிடைத்தது. மூன்று கல் வைத்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பானைக்குப் போகிறது என்று அடுப்பு ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பாக்கி எங்கே போகிறது? சுவருக்கு, கூரைக்கு, ஊதாங்குழலோடு குனிந்திருக்கும் பெண்ணின் முகத்துக்கு. விறகு ஈரமாக இருந்தால் இன்னும் மோசம்: அதிலுள்ள ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரி வரை செலவு. ஆக, நம் பாட்டிமார் வைத்திருந்தது சமையல் அடுப்பே அல்ல. அது எண்பத்தைந்து பங்கு அறை சூடேற்றி, கழிவுப் பொருளாகச் சோறும் தரும். சித்திரை வெயிலிலும் அதை அணைக்காமல் ஓட்டினார்கள். இதைச் சரிசெய்யப் பார்த்தவர்களும் உண்டு. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953இல் புகையில்லா அடுப்பைப் பற்றிப் புத்தகமே போட்டார். 1983இல் மத்திய அரசு அதைத் தேசியத் திட்டமாக்கியது. குழாயில் கரி அடைத்தால் யார் ஏறிச் சுத்தம் செய்வது என்ற இடத்தில் அறிவியல் நின்றுவிடுகிறது. நானும் அங்கேதான் நின்றேன்.

இரண்டாம் கட்டத்துக்கு வெப்பமானியை நம்பவில்லை, பூனையை நம்பினேன். பூனை வாசற்படியில் இருந்தால் அடுப்பு எரிகிறது. அடுப்பு மேடையோரம் சுருண்டால் தணல் இருக்கிறது. அடுப்புக்குள்ளேயே, சாம்பலில் படுத்தால் நேற்று சமைத்தார்கள், இன்று இல்லை. அடுப்பில் பூனை தூங்குகிறது என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், அங்கே விசாரிக்க வேண்டியது தட்பவெப்பத்தை அல்ல. பக்கத்துத் தெரு ஆயாவிடம் என் அளவுகோலைப் பெருமையாக விளக்கினேன். "குளுருக்கா படுக்குது? உள்ள ஒண்ணும் வேகலன்னு படுக்குது," என்றார். முப்பது பக்கக் குறிப்பு அந்த இடத்தில் வீணாயிற்று.

கருவிக்கும் இப்போது ஆபத்து. மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் தொடங்கிய உஜ்வலாவும் வந்தபின் பூனைக்கு ஏறிப் படுக்கச் சாம்பல் இல்லை. சிலிண்டர் தீர்ந்த வீட்டை இனி எப்படிக் கண்டுபிடிப்பது? விறகு இருந்தால் மட்டும் உலை கொதித்துவிடாது: 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறிப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது விறகு மட்டும் தெருவெல்லாம் கிடந்தது. உலையில் போடத்தான் அரிசி தேட வேண்டியிருந்தது.

இந்த வட்டாரத்தில் என் கருவி சற்றும் பயன்படாத இடம் ஒன்று உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த ராமலிங்க அடிகள், வடலூரில் பார்வதிபுரத்துக்காரர்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் தருமசாலை கட்டி அடுப்பு மூட்டினார். பசி என்று வந்தவருக்கெல்லாம் சோறு. பக்கத்திலேயே நெய்வேலி, 1956இல் நிறுவனம் தொடங்கி மலைமலையாய் நிலக்கரி வெட்டுகிறார்கள். வடலூர் அடுப்பு அதற்கு முன்பே எரிந்தது, இப்போதும் எரிகிறது. மூட்டிய நாள் 1867 மே 23. அக்கினி நட்சத்திர சமயம், குளிர் காய்வதற்கான பருவமே அல்ல. அன்றிலிருந்து அந்த அடுப்பில் ஒரு பூனைக்கும் படுக்க இடம் கிடைக்கவில்லை.