அவுக அப்படியே இருக்காக

பண்ணைப்புரத்தில் யாரையும் முழுசாகப் பாராட்டிவிட்டுப் போகிற பழக்கம் கிடையாது. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் "என்னத்தா, பிள்ளை இப்படி வாடிக் கிடக்கு" என்பார்கள். புது வீடு கட்டினால் "நடைக்கு இன்னும் ரெண்டடி விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பித் தம்ளரைக் கையில் வாங்குவார்கள். எல்லாம் கண்ணு பயம். நல்லா இருக்கு என்று வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், சுவரில் விரிசல் விடும். ஆகையால் பாராட்டுகிறவர்களே, குழந்தை கன்னத்தில் வைக்கிற மை மாதிரி, ஒரு குறையையும் சேர்த்து அப்பிவிட்டுப் போகிறார்கள். வாக்கப்பட்டு வந்த புதிதில் இதற்கெல்லாம் அழுதிருக்கிறேன். பிறகு இதில் உள்ள அக்கறை பிடிபட்டது. ஒரே ஒரு விஷயத்தில்தான் கணக்கு இன்னும் உதைக்கிறது. என் வீட்டுக்காரரின் அழகைப் பற்றிப் பேசும்போது மட்டும், பாராட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு மையைக் கொண்டுவந்து என் கன்னத்தில் வைக்கிறார்கள்.

அவர் ஒன்றும் சினிமா நடிகர் இல்லை. கறுப்பு, ஒல்லி, கொஞ்சம் கூன். ஆனால் தலைமுடி கொட்டவில்லை. நரையும் காதோரத்தில் வந்து எட்டிப் பார்த்ததோடு சரி. தொப்பை கிடையாது. ஐம்பதைத் தாண்டிய ஆம்பளைக்கு உத்தமபாளையம் தாலுகாவில் இது போதும், மன்மதன்தான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்காரு" என்று பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். அந்த 'இருந்தாலும்' இத்தனை வருடத்தில் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. களை மட்டும் பாக்கி.

சின்னமனூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மேஜை போட்டு மொய் எழுதிக்கொண்டிருந்தவர், எங்கள் கல்யாணத்திலும் மொய் எழுதினவர். ஊரில் கையெழுத்து நன்றாக இருக்கிற ஆளுக்கு ஓய்வு ஏது. நோட்டைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "அடடே, அண்ணன் கல்யாணத்தன்னிக்குப் பார்த்தது மாதிரி அப்படியே இருக்காகளே!" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் தலையில் தொடங்கி, கண்ணாடியில் கொஞ்சம் நின்று, இடுப்புப் பக்கம் இறங்கி, திரும்ப நோட்டுக்கே போய்விட்டது. பேனா மூடியைக் கழற்றி, "எவ்வளவுக்கா?" என்றார்.

ஆயிரத்தொண்ணு என்று வைத்திருந்தோம். ஐநூத்தொண்ணாகக் குறைத்துவிடலாமா என்று ஒரு கணம் ஓடியது. ஆனால் எங்கள் பக்கத்தில் மொய் என்பது பாசத்தில் போடுகிற காசு இல்லை, திரும்பி வரவேண்டிய கடன். அவர்கள் செய்ததற்குக் குறைத்துச் செய்தால் பேச்சு தலைமுறைக்கும் நிற்கும். எழுதுகிறவர் மேல் உள்ள கோபத்தைப் பெண் வீட்டார் மேல் காட்டவும் முடியாது. ஆயிரத்தொண்ணே எழுதிவிட்டுப் பந்திக்குப் போனோம். பந்தியில் என் வீட்டுக்காரர் ரொம்ப சந்தோஷமாக இரண்டாம் முறை பாயசம் வாங்கினார். "நம்மளப் பத்தித்தான் சொன்னாப்ல" என்றார். நம்மளாம்! ஒரு ஜோடியில் ஒருத்தர் அப்படியே இருந்தால், போன வருடங்கள் எல்லாம் யார் கணக்கில் ஏறும் என்று யோசிக்க வேண்டாமா?

இந்த விஷயத்தில் ஆண்கள் பாக்கியவான்கள். ஒரு பாராட்டில் இனிக்கிற பாதியைக் கடித்துக்கொண்டு மீதியைத் துப்பத் தெரிந்தவர்கள். என் வீட்டுக்காரரின் திறமை எனக்கு முழுதாகத் தெரிந்தது மதுரையில் ஒரு பல் மருத்துவமனையில். வரவேற்பில் இருந்த பெண் ஊர் கேட்டாள். பண்ணைப்புரம் என்றார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மலர்வது வழக்கம். 1943-இல் இளையராஜா பிறந்த ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன், தம்பி கங்கை அமரன் எல்லோருக்கும் அதுதான் ஊர். ஒரு சின்னப் பேரூராட்சிக்கு இவ்வளவு பாட்டு எதற்கு என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய அளவு. அந்தப் பெண் இவரை ஒரு முறை உற்றுப் பார்த்து, "அதான பார்த்தேன், சாருக்கு ராஜா சார் ஜாடை இருக்கு" என்றாள்.

நானும் அந்த ஜாடையைத் தேடிப் பார்த்தேன். கடைவாய்ப் பல் வலியில் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. எந்தக் கன்னத்தை வைத்துச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைச் சொன்னாளா, போட்டிருந்த வெள்ளைச் சட்டையைச் சொன்னாளா, ஊர்க்காரர் எல்லோருக்கும் பொதுவாக வழங்குகிற மரியாதையா? பாட்டை வைத்துச் சொல்லியிருக்க முடியாது. இவர் குளிக்கும்போது ராகம் இழுத்தால், தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டோமோ என்று நான் எழுந்து போயிருக்கிறேன். இவருக்கு இந்தச் சந்தேகம் எதுவும் வரவில்லை. வீக்கம் வடிந்த மறுநாளே இன்னும் நாலு வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். 2025 மார்ச்சில் லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறிய அன்றைக்கு எங்கள் தெருவில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர், கிட்டத்தட்ட பங்காளி உரிமையோடு.

ஆண்கள் சொல்வதைச் சமாளித்துவிடலாம். பெண்கள் சொல்வதுதான் ஆழம். என் ஓர்ப்படியாள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அவ்வையார் பரம்பரையில் வந்தவர். சும்மா சொல்லவில்லை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அவர் என்ன சொன்னார் என்பது புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. உன் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். தொண்டைமான் முதலில் சிரித்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி படுத்த பிறகு எழுந்து உட்கார்ந்திருப்பான்.

எங்கள் குடும்பத்துத் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது பெரியத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். என்னவர் பள்ளிக்கூட வாத்தியார். தோட்டத்துக்குப் போனால் பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்க முடியவில்லை, முதுகு பிடிக்கிறது என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டு வருவார். ஒரு நாள் கவாத்து முடிந்து மருந்து அடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியத்தான் கை இரண்டும் மயில்துத்தத்தில் முழங்கை வரைக்கும் நீலம். அக்கா எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி, திண்ணையில் சாய்ந்திருந்த என்னவரைப் பார்த்துச் சொன்னார்:

"உன் வீட்டுக்காரருக்கு வயசே ஆகலத்தா. வெயிலு படாத உடம்பு, கையைப் பாரு, பொம்பளப் புள்ள கை மாதிரி. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, கருகி, காப்புக் காய்ச்சி."

ஆயுதக் கொட்டில் திறந்தாயிற்று. பீலி, மாலை, நெய் எல்லாம் இருக்கிறது. நான் தொண்டைமானாக இருக்கப் பிரியப்படவில்லை. உடனே பதில் சொல்ல வேண்டும், ராத்திரி வரை காத்திருக்கக் கூடாது. கோபப்பட்டால் தோற்றேன், நன்றி சொன்னாலும் தோற்றேன். "ஆமாக்கா, தம்பிக்குச் சேத்து அண்ணனே வெயில்ல நின்னுட்டாரு. அந்தப் புண்ணியம்தான்" என்றேன். அக்கா கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பார்த்தார். இதில் பணிவு எவ்வளவு, 'உன் புருஷன் எங்களுக்கு உழைக்கிறான்' என்கிற கொழுப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பிரித்திருந்தால் வெங்காயம் உரிப்பது நின்றிருக்கும். நிற்கவில்லை.

இதைத்தான் நான் கற்றுக்கொண்டது என்று சொல்ல வேண்டும். ரெட்டை அர்த்தத்தில் வந்த பாராட்டுக்கு ஒற்றை அர்த்தத்தில் பதில் சொல்லக் கூடாது. "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்கவே கூடாது, சொல்லிவிடுவார்கள்.

கண்ணு பயம் ஒரு பக்கம் இருக்க, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பாராட்டைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்க இன்னொரு காரணமும் உண்டு. அது விலை. இங்கே திராட்சை வருடம் முழுக்க அறுப்புக்கு வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் பந்தலுக்குள் நுழைகிற வியாபாரி ஒருவர் வாயிலாவது "அருமையான பழம்" என்று வந்ததை நான் கேட்டதில்லை. குலையை விரலால் தூக்கிப் பார்ப்பார், ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுவிட்டு வானத்தைப் பார்ப்பார். "பரவால்ல. கலர் இன்னும் ஏறணும்." அவ்வளவுதான். நல்லது என்று சொல்லிவிட்டால் கிலோவுக்கு நாலு ரூபாய் அவர் கையிலிருந்து போகும். போடியில் ஏலக்காய்க்கு ஏலம் போடும் இடத்தில் அதுவும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில். காயின் பச்சையை யாரும் புகழ்வதில்லை, எண்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன. இப்படி ஒரு மண்ணில் வளர்ந்த மனுஷனிடம் புதுச்சேலை கட்டிக்கொண்டு நின்றால் "பரவால்ல" என்றுதான் வரும். அதை வியாபாரிகளின் மொழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பரவால்ல என்றால் வண்டி கொண்டுவரப் போகிறார்கள் என்று பொருள். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன், உடம்புக்கு நல்லது.

விலையும் தெரியாமல், கண்ணு பயமும் இல்லாமல் பாராட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸில் ஒரு உதாரணம் நடந்தது. 2017 ஜூலை 13. அமெரிக்க அதிபர் டிரம்ப், பிரான்ஸ் அதிபர் மக்ரோனின் மனைவி பிரிஜித்தைப் பார்த்து, உடம்பை ரொம்ப நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். அதோடு விட்டாரா? கணவர் பக்கம் திரும்பி அவரிடமும் அதையே சொன்னார். மறுபடி அந்தம்மா பக்கம் திரும்பி, அழகு என்று முடித்தார். அப்போது அந்தம்மாவுக்கு 64 வயது, கணவருக்கு 39. 'இந்த வயசுக்கு' என்று அவர் சொல்லவில்லை. ஆனால் உலகம் முழுவதற்கும் அதுதான் கேட்டது. ரீபோக் நிறுவனம் இந்த வார்த்தையை எப்போது சொல்லலாம் என்று ஒரு பட்டியலே போட்டுக் கேலி செய்தது. சின்ன வயதில் விளையாடிய பொம்மை, பெற்றோர் வீட்டு நிலவறையில் உடையாமல் கிடைத்தால் மட்டும் சொல்லலாமாம். எங்கள் ஊராக இருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. "நல்லா வச்சிருக்கீங்களே உடம்பை" என்ற உடனே "ஏன், சுகர் இல்லையா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டிருப்பார். பேச்சு மாத்திரைக்குப் போயிருக்கும்.

மக்ரோன் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று நான் யோசித்ததுண்டு. கணவன் நன்றி சொன்னால், ஏதோ தன் சொத்தைப் பாராட்டியது போல ஆகும். சும்மா இருந்தால், ஒப்புக்கொள்ளவில்லை போல ஆகும். என்னவர் இந்த மாதிரி நேரத்தில் மூன்றாவது வழி ஒன்று வைத்திருக்கிறார். சக வாத்தியார் ஒருவர் "உங்க வீட்டம்மா ரொம்ப மெலிஞ்சுட்டாங்களே" என்றிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "நீ மெலிஞ்சுட்டியாம்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படியா சார், பார்க்குறேன்னு சொன்னேன்."

பார்க்கவும் செய்தார். அதற்குக் காரணம் நான் இல்லை. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ். என். சுப்ரமணியன் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தையே எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டுவைத்தார். ஆனந்த் மகிந்திரா அதற்கு, என் மனைவி அற்புதமானவர், அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும் என்றார். நாடே சிரித்தது. மகிந்திரா கட்சியில் சேர்ந்த கணவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை, அது திருக்குறளில் புலவி நுணுக்கத்தில் இருக்கிறது. 132-ஆவது அதிகாரம். மற்ற எல்லோரையும்விட உன்மேல் பிரியம் என்று ஒரு கணவன் சொல்கிறான், யாரைவிட, யாரைவிட என்று அவள் பிடித்துக்கொள்கிறாள். பேசினால்தானே வம்பு என்று அவன் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடு ஒப்பிட்டு இப்படிப் பார்க்கிறீர்கள் என்று அதற்கும் கோபம். அதிகாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வள்ளுவருக்கும் அதற்கு மேல் அந்தக் கணவனைக் காப்பாற்ற வழி தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார். எனக்கு முதலில் காஸ் தீர்ந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா பார்த்தேன்."

"மெலிஞ்சிருக்கேனா?"

நன்றாக யோசித்தார். ஆமாம் என்றால் முன்பு குண்டு என்றாகும். இல்லை என்றால் இப்போதும் குண்டு. இதெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார், கள்ளன்.

"எங்க அண்ணிதான் உன்னப் பத்தி ஒண்ணு சொன்னாக" என்றார்.

"என்னன்னு?"

"கல்யாணத்தப்ப இருந்ததுக்கு இப்ப எம்புட்டோ தேவலையாம்."

கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டே போனேன். அவுக வீட்டு வாசலில் பெரியத்தான் உட்கார்ந்திருந்தார், தலைக்குப் புதுசாகச் சாயம் அடித்து, காதோரமெல்லாம் கறுப்பு வழிந்துகொண்டு. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"அக்கா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன், "பெரியத்தான் ஆளே மாறிட்டாரே!"

உள்ளிருந்து உடனே பதில் வந்தது: "யாரு என்னத்தா சொன்னா?"