கைமாறும் கைவேலை

1824இல் அமெரிக்க மிஷனார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி திறந்தார்கள். எழுத்தோடு ஊசியும் நூலும் பாடமாயின. வேடிக்கை என்னவென்றால், அந்த நியூ இங்கிலாந்துச் சபையார் அக்காலத்தில் நத்தாரைப் பெரிதாகக் கொண்டாடாதவர்கள். ஊசியைக் கொடுத்தது அவர்கள். மார்கழி முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது எங்கள் அக்காமார்.

அக்கா தலையணை உறையில் ரோசாப்பூப் போட்டு மச்சாளுக்குக் கொடுப்பா. "ஐயோ, இதிலை எப்பிடித் தலை வைக்கிறது?" என்று அது அலுமாரிக்குள் போகும். அடுத்த நத்தாருக்கு இளவாலை, அதற்கடுத்தது பாசையூர். ரோசாப்பூ இன்னும் ஒரு தலையையும் காணவில்லை.

ரிச் கேக் வேறு கதை. ரவை, கஜு, பூசணித் தோசி எல்லாம் போட்டு, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, நெருப்புப்பெட்டி அளவில் ஒரு துண்டு. கஜு விற்கிற விலைக்கு அதுவே தாராளம்.

பயத்தம் பணியாரம் மட்டும் கைமாறாது. ஒரு மாதம் வைத்தாலும் பழுதாகாது என்பார்கள். வைத்துப் பார்த்தவர் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

ஆகவே பக்கத்து வீட்டு அக்காமாரே, உறையை விடுங்கோ, பணியாரத்தை அனுப்புங்கோ. தட்டம் தைப்பொங்கலுக்குப் புக்கையோடு திரும்பி வரும்.