புள்ளி வைத்தால் சந்தி

கேள்வி: ட்ரோ.ஐஓ மென்பொருளில் மின் வலையமைப்புப் படம் ஒன்று கீறினேன். இரண்டு லைன்கள் வெட்டும் இடத்தைக் காட்டி, "இது ஷோர்ட்டா?" என்று கேட்டார் சேர். என்ன பிழை?
— மாணவர், அறிவியல்நகர்

பதில்: முல்லைத்தீவுப் பக்கமிருந்து வரும் ஏ35 பரந்தனில் ஏ9இல் ஏறுகிறது. அது சந்தி, பஸ் திரும்பும். வயல் வாய்க்காலோ மதகுக்குள்ளால் வீதியைக் கடக்கிறது. தண்ணீர் வீதிக்கு ஏறாது (மாரி மழையைக் கணக்கில் எடுக்காதீர்கள்). உங்கள் படத்தில் எது சந்தி, எது மதகு என்று சேருக்கு எப்படித் தெரியும்?

மதகுக்கு வளைவு போடுங்கள். கோட்டைத் தெரிந்து, வலப்பக்க ஸ்டைல் பலகையில் 'லைன் ஜம்ப்' என்பதை 'ஆர்க்' ஆக்கினால் கோடு மற்றதைத் துள்ளிக் கடக்கும். மேலே கிடக்கும் கோடுதான் துள்ளும். மற்றது துள்ளவேண்டுமென்றால் அதை 'டு ஃப்ரண்ட்' கொடுத்து மேலே எடுங்கள். சந்திக்குச் சின்னக் கறுப்பு வட்டம் ஒன்றை வைத்து, வரும் கோடுகளை அதில் கொழுவுங்கள். நாலு கோடுகளை ஒரே புள்ளியில் சேர்க்காதீர்கள். ஒரு தாளைப் போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியையும் கொப்பி எடுத்தபோது புள்ளி மறைந்து சந்தி மதகாகிப் போனதை நான் கண்டிருக்கிறேன். சற்றுத் தள்ளித்தள்ளி இரண்டு 'ரீ' சந்தியாகப் பிரித்துவிட்டால் புள்ளி அழிந்தாலும் இணைப்பு அழியாது.

கேள்வி: கோடு இழுத்தால் நுனியில் அம்புக்குறி தானாக வருகிறது. இருந்துவிட்டுப் போகட்டுமா?
— வவுனியா

பதில்: ஒற்றைக்கோட்டுப் படத்தில் அம்பு என்றால் மின்சுமை. உங்கள் படத்தில் பிரேக்கருக்கு ட்ரான்ஸ்போமர் சுமை, ட்ரான்ஸ்போமருக்குப் பஸ்பார் சுமை, பார்க்கிற எங்களுக்கு எல்லாமே சுமை. ஒரு கோட்டில் அம்பை எடுத்து, தடிப்பையும் சரிசெய்து, 'செட் அஸ் டிபோல்ட் ஸ்டைல்' கொடுங்கள். இனிக் கீறுவதெல்லாம் மொட்டையாக வரும். ஏற்கெனவே கீறியவற்றை 'செலக்ட் எட்ஜஸ்' கொடுத்து ஒரேயடியாகப் பிடிக்கலாம்.

கேள்வி: பஸ்பாரில் ஆறு பீடர் கொழுவினேன். பஸ்பாரை அசைத்தால் ஆறும் இடம் மாறி ஓடுகின்றன.
— புதுக்குடியிருப்பு

பதில்: முளையில் கட்டாத மாடு பின்னே என்ன செய்யும்? கோட்டின் நுனியைக் கொண்டுபோகும்போது உருவம் முழுவதும் நீல விளிம்பு காட்டினால் அது மிதக்கும் இணைப்பு. தனக்கு வசதியான பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்னப் புள்ளி பச்சையாக ஒளிரும்போது விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். ஆறு பீடருக்கு ஆறு முளை வேண்டும். போதாவிட்டால் 'எடிட் கனெக்ஷன் பொயின்ற்ஸ்' வழியாக நீங்களே அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மென்பொருள் தானே பாதை தெரிந்து கோட்டை வளைக்கிறதே, நம்பலாமா?
— மாங்குளம்

பதில்: ஏ9இல் முதல்தடவை ஓடும் சாரதி அது. முறிகண்டிக் கோயிலடியில் நிறுத்தத் தெரியாது. வளைய வேண்டிய இடத்தில் நீங்களே பிடித்து இழுத்துவிடுங்கள்.

கேள்வி: 132, 33, 11 கிலோவோல்ற்று லைன்களுக்கு மூன்று நிறம் கொடுத்தேன். போதாதா?
— கிளிநொச்சி

பதில்: திரையில் போதும். கொமினிகேசன் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்த பிறகு மூன்றும் ஒரே சாம்பல். நிறத்தோடு தடிப்பையும் மாற்றுங்கள்: 132க்குத் தடித்த கோடு, 11க்கு மெல்லியது. நிலத்தடிக் கேபிளுக்கு முறிகோடு. எது எதைக் குறிக்கிறது என்று மூலையில் ஒரு பெட்டியில் எழுதுங்கள். மூன்று பேஸ் என்பதற்காக மூன்று கோடு இழுத்துப் படத்தைச் சேலைக்கரை ஆக்கவேண்டாம். ஒரு கோடு, அதன்மேல் மூன்று சாய்கீறு.

கேள்வி: வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் லைனை மாப்பில் உள்ளபடியே வளைத்துக் கீறினால் அழகாக இருக்குமே?
— ஓமந்தை

பதில்: அழகாக இருக்கும், வாசிக்க ஏலாது. 2013இல் யாழ். குடாநாடு இந்த வழியாகத்தான் தேசிய மின்கட்டமைப்பில் மீண்டும் சேர்ந்தது. ஆனையிறவில் கம்பி எத்தனை பாகை திரும்புகிறது என்பது கோபுரம் நட்டவர்களுக்கு முக்கியம். உங்கள் படத்தில் தெரியவேண்டியது எந்த உபநிலையத்துக்குப் பிறகு எது, நடுவே எந்த பிரேக்கர் என்பதே. லண்டனில் இருக்கிற மாமாவிடம் ட்யூப் ரயில் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 1933இல் வெளியான அதை அமைத்த ஹரி பெக் மின்சுற்றுப் படங்கள் கீறிப் பழகியவர். தூரத்தையும் வளைவையும் தூக்கி எறிந்துவிட்டுக் கிடை, நிலைக்குத்து, 45 பாகை என்று மட்டும் கீறினார். ரயிலில் போகிறவர் மின்சாரக்காரரிடம் கடன் வாங்கிய முறையை மின்சாரக்காரரே கைவிடலாமா?

கேள்வி: கரண்ட் போய்விட்டால் கரண்ட் படத்தை எப்படிக் கீறுவது?
— விசுவமடு

பதில்: லப்டொப்பில் பற்றரி இருந்தால் டெஸ்க்டொப் பதிப்பில் கீறலாம், இணையம் தேவையில்லை. பற்றரியும் போனால் எச்.பி. பென்சில். அம்புக்குறி தானாக வராது.