ஒரு கணினி, இரண்டு முதலாளி

கேள்வி: என் கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் இருக்கின்றன. செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலய மாசி மகத்தைப் படம் பிடித்தேன். விண்டோஸுக்காக வாங்கிய வீடியோ எடிட்டிங் மென்பொருளை உபுண்டுவிலேயே ஓட்டலாமா?
– வாசகர், ஜாசின்

பதில்: ஒரே லாரிக்கு இரண்டு டிரைவர் வைத்திருக்கிறீர்கள், ஒருவர் இறங்கினால்தான் மற்றவர் ஏற முடியும். அதனால் வாங்கிய மென்பொருளில் எடிட் செய்ய விண்டோஸில் நுழைவதே நல்லது.

1993-இல் தொடங்கிய ‘வைன்’ விண்டோஸ் மென்பொருள் பலவற்றை உபுண்டு போன்ற லினக்ஸில் ஓட்டும். அருமையான உழைப்பு அது! ஆனால் வீடியோ எடிட்டிங் கிராபிக்ஸ் கார்டையும் கோடெக்கையும் ஒருசேர வேலை வாங்கும். பெரிய மென்பொருள்கள் அங்கேதான் தடுக்கி விழுகின்றன. உபுண்டுவுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில் ஓடும், ஆனால் சாமி ஊர்வலத்தைவிட மெதுவாக.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: படங்களை டிஸ்கின் என்டிஎஃப்எஸ் பிரிவில் வையுங்கள். அதை விண்டோஸ், உபுண்டு இரண்டும் படிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 பிரிவை விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் கணினியை அணைத்த பிறகும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் கிடக்கும்; அப்போது உபுண்டு அந்தப் பிரிவில் எழுத மறுக்கலாம், வம்பாக எழுதினால் கோப்பு கெடலாம்.

திருவிழாப் படத்தை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, தமிழில் எழுத்துப் போட உபுண்டுவிலேயே ஓடும் கேடென்லைவ், ஷாட்கட் போதும். இரண்டும் இலவசம். முதலில் ஐந்து நிமிடக் காட்சியை இவற்றில் ஒன்றில் வெட்டிப் பாருங்கள். மூலப் படங்களை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்கில் இன்றைக்கே ஒரு நகல் எடுங்கள்; அடுத்த மாசி மகத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்!